மூக்கண்டப்பள்ளியில் மின்சாரம் சேமிக்கப் போனேன்

மின்சாரத்தைச் சேமிப்பது எப்படி என்று நான் பேச எழுந்தபோது, கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் மப்ளர் கட்டியிருந்தார்கள். மார்கழி மாதத்து ஒசூர். வெளியே குளிர் இலவசமாகக் கொட்டிக் கிடந்தது. உள்ளே ஓட்டல்காரர்கள் ஏசியைப் பதினெட்டில் வைத்திருந்தார்கள். நிறுத்தச் சொன்னேன். "ரிமோட்டு மேனேஜர்கிட்ட இருக்குதுங்க மேடம். அவரு அத்திப்பள்ளி போயிருக்காரு" என்றார் தண்ணீர் வைக்க வந்தவர். மேனேஜர் கர்நாடகத்திலிருந்து திரும்புவதற்குள், பூமி சூடாகிக்கொண்டிருக்கும் ஆபத்தைப் பற்றிப் பற்கள் கிடுகிடுக்கப் பேசி முடித்துவிட்டேன்.

நான் கோவில்பட்டிக்காரி. பிழைப்பு சென்னையில், ஓர் ஆலோசனை நிறுவனத்தில். உத்தியோகத்தின் பெயர் எனர்ஜி ஆடிட்டர். சிறிய தொழிற்சாலைகளுக்குப் போய், எந்த மோட்டார் வீணாக ஓடுகிறது, எந்தக் குழாயில் காற்று ஒழுகுகிறது, கழுவிய தண்ணீர் எந்தச் சாக்கடையில் கலக்கிறது என்று துருவிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அடுத்தவர் வீட்டு விளக்கை எண்ணிப் பார்ப்பதற்குச் சம்பளமா என்று என் அம்மா இன்றுவரை நம்பாமல் கேட்கிறாள்.

ஒசூரில் பெரிய வண்டிக் கம்பெனி ஒன்று, தனக்கு உதிரி பாகம் செய்து தரும் சின்னப் பட்டறைகளையெல்லாம் பசுமையாக்கிவிடுவது என்று முடிவெடுத்திருந்தது. ஒரே வாரத்தில். முதலில் மீட்டர் மாட்டி ஒரு நாள் அளக்க வேண்டும். பிறகு குறைகளைத் திருத்த வேண்டும். பிறகு மறுபடி அளக்க வேண்டும். மின்சாரச் செலவு பத்து சதவீதம் குறைந்திருந்தால் பச்சைச் சான்றிதழ். குறையாவிட்டால் அடுத்த வருட ஆர்டர் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அழைப்பிதழில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கோவில்பட்டியில் பிறந்தவளுக்கு ஒசூர் வெளிநாடுதான். கறுப்பு மண்ணையும் கந்தக வெயிலையும் பார்த்து வளர்ந்த எனக்கு, டிசம்பரில் வாயைத் திறந்தால் புகை வரும் ஊரைத் தமிழ்நாட்டில் சேர்க்கவே மனம் வரவில்லை. அறை ஜன்னல் பக்கம் போனால் செல்போன் என்னைக் கர்நாடகத்துக்கு வரவேற்றது. குளியலறைப் பக்கம் போனால் தமிழ்நாட்டுக்கு வரவேற்றது. காலையில் தட்டு அகலத்துக்கு ஓர் இட்லி வந்தது. அதன் மேல் சாம்பாரை ஊற்றி ஒரு வாய் வைத்தேன், வெல்லம். எங்கள் ஊரில் சாம்பாரில் வெல்லம் போட்டால் சம்பந்தமே முறிந்துபோகும். பக்கத்து மேசையில் ஒருவர் கன்னடத்தில், "இன்றைக்குச் சாம்பாரில் உறைப்பு ஜாஸ்தி" என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மூக்கண்டப்பள்ளி. வரிசை வீடுகளும் பட்டறைகளும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் சந்துகள். ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தால் அடுத்த பட்டறையில் ஷிப்ட் மாறிவிடும் போலிருந்தது. நான் முதலில் போனது சகாயமேரி அம்மாவின் பவுடர் கோட்டிங் பட்டறைக்கு. இரும்புத் துண்டுகளைக் கழுவி, காற்றழுத்தத்தில் சாயப்பொடியைத் தூவி, பெரிய ஓவனில் சுட்டு எடுக்கும் தொழில். பைக்குக்கு அடியில் இருக்கும் கறுப்புப் பட்டைகள் பளபளப்பதற்கு இப்படிப்பட்டவர்கள்தான் காரணம்.

சகாயமேரி அம்மாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். நைந்த ஸ்வெட்டர், கழுத்தில் சின்னச் சிலுவை, இடுப்பில் சாவிக் கொத்து. என் கையிலிருந்த கருவிகளைப் பார்த்துவிட்டு, "வாங்க மேடம். எது வேணுமோ பாருங்க. ஆனா கதவ சாத்திக்கினு பாருங்க, ஓவன் சூடு போயிடும்" என்றார். அதுதான் வரவேற்புரை.

அந்தப் பட்டறையின் நடைமுறையைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஆள் எழுந்தால் அவர் தலைக்கு மேலிருந்த ஃபேன் நின்றது. யாரும் போய் நிறுத்தியதாகவே தெரியவில்லை. எழும்போதே கை தானாகச் சுவருக்குப் போய் வந்தது. கழுவும் தொட்டிகளில் கடைசித் தொட்டித் தண்ணீர் நடுத் தொட்டிக்கும், நடுத் தொட்டித் தண்ணீர் முதல் தொட்டிக்கும் வந்தது. சரக்கு நிறைந்தால்தான் ஓவன் கதவு திறந்தது. கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரம் வாசலில் தொங்கியது, விளக்கு எரியவில்லை. "இருட்டட்டுமேங்க. பகல்ல நட்சத்திரம் யாருக்குத் தெரியுது?" என்றார்.

காற்று ஒழுகும் இடத்தைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்கும் துப்பாக்கி போன்ற கருவி ஒன்று என்னிடம் உண்டு. குழாய்க்கு நேராகப் பிடித்தால், ஒழுகும் இடத்தில் அலறும். அம்மாவின் பட்டறை முழுக்க நீட்டிப் பார்த்தேன். மூச்சுவிடவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றினேன். அப்போதும் அமைதி. சந்தேகம் தீராமல் பக்கத்துப் பட்டறைக்குள் தலையை நீட்டினேன். கருவி போட்ட கூச்சலில் அங்கே வேலை பார்த்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்துப் பட்டறை முனிராஜுடையது. வீட்டில் தெலுங்கு, தொழிலாளிகளிடம் கன்னடம், வங்கியில் ஆங்கிலம், சகாயமேரி அம்மாவிடம் தமிழ் என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு நாக்கு வைத்திருப்பவர். அவருடைய பட்டறையில் காற்றுக் குழாய் ஒழுகாத இடத்தைத்தான் தேட வேண்டியிருந்தது. ஒருவர் காற்றடித்துத் தலைமுடியைக் காயவைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் சட்டைக்குள் குழாயை விட்டு, அந்தக் குளிரிலும் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். "இந்த ஸ்ஸ்ஸ் சத்தம் இருந்தாத்தான் மேடம் கம்பெனி ஓடுதுன்னு அர்த்தம். சத்தம் நின்னா எனக்கு நெஞ்சு அடைக்குது" என்றார் முனிராஜ். நான் பரம சந்தோஷத்தில் இருந்தேன். டாக்டருக்கு நல்ல நோயாளி கிடைத்த சந்தோஷம் அது.

இரண்டு பட்டறைகளிலும் மீட்டரை மாட்டிவிட்டு, மூவருமாகத் தெருமுனையில் காபி குடித்தோம். ஒசூரில் 'பை டூ' என்று கேட்டால் ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துத் தருகிறார்கள். கோவில்பட்டியில் இப்படிக் கேட்டால் கடைக்காரர் நம் குடும்ப நிலைமையை விசாரிப்பார். இங்கே கார் வைத்திருப்பவர்களும் கூசாமல் கேட்கிறார்கள். சகாயமேரி அம்மா பாதிக் காபியை ரசித்துக் குடித்துவிட்டு, "எனக்கு சர்டிபிகேட் கெடைச்சிடுங்களா மேடம்? ஆர்டரு நின்னுச்சுன்னா பன்னெண்டு குடும்பம் இருக்குதுங்க" என்றார். "உங்களுக்குக் கிடைக்காமல் வேறு யாருக்கு?" என்று சொன்னேன். படித்தவள் வாயால் சொன்னதால் அவர் நம்பிவிட்டார்.

அதற்கடுத்த நாள் என்னை நாகரசம்பட்டிப் பக்கம், எண்ணிக்கை கூடட்டும் என்று திட்டத்தில் சேர்த்திருந்த ஒரு மாம்பழக் கூழ் ஆலைக்கு அனுப்பினார்கள். பசுமைத் திட்டத்துக்குப் பசுமையான வாகனம் வேண்டுமென்று மின்சாரக் கார் அமர்த்தியிருந்தார்கள். ஓட்டுநர் ரஹமத்துல்லா, பேரிகை என்ற ஊர்க்காரர். வண்டியில் ஏறியதும், "மேடம், ஏசி போட்டா திரும்பி வர சார்ஜு பத்தாது. ஜன்னல தொறந்தா வண்டி இன்னும் சார்ஜ் குடிக்கும்" என்றார். மூச்சுவிடலாமா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

ஆலை பூட்டிக் கிடந்தது. மாம்பழம் சித்திரையிலும் வைகாசியிலும் வரும் என்பதை மார்கழியில் கண்டுபிடித்தோம். குரங்குக் குல்லா போட்ட காவலாளி ஒருவர், வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஆலைக்குள் ஒரே ஒரு பல்பு. சீசனில் ஆன கரண்ட்டையும் இப்போது ஆகும் கரண்ட்டையும் அலுவலகம் தந்த மென்பொருளில் கடமைக்குப் போட்டேன். அது உடனே பச்சை நிறத்தில் பூத்தூவி வாழ்த்துச் சொன்னது. மாவட்டத்திலேயே அதிகம் மின்சாரம் சேமித்த தொழிற்சாலை அதுதானாம். காவலாளியிடம் சொன்னேன். "எல்லாம் பூட்டு செஞ்ச வேலைங்க" என்றார் அடக்கத்தோடு.

திரும்பும் வழியில், சூளகிரிக்குச் சற்று முன்பு, கார் நின்றது. ரஹமத்துல்லா ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்துப் பார்த்தார், பலனில்லை. கொத்தமல்லிக் கட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. கயிறு கட்டி இழுத்தார்கள். கரும்புகை கக்கும் டீசல் டிராக்டருக்குப் பின்னால், கண்ணாடியில் பசுமைத் திட்ட ஸ்டிக்கர் ஒட்டிய மின்சாரக் கார், கொத்தமல்லி வாசனையோடு போனது. டிராக்டர்காரர் தெலுங்கில் யாருக்கோ போன் செய்து சொன்னதை ரஹமத்துல்லா மொழிபெயர்த்தார். "ஒரு பெரிய பொம்மை மாட்டியிருக்கிறது, இழுத்துக்கொண்டு வருகிறேன்."

ஒரு கல்யாண மண்டப வாசலில் விட்டார்கள். மார்கழியில் கல்யாணமா என்று கேட்டேன். "நிக்காஹ் மேடம், எங்க மாமா வகையறாதான்" என்றார் ரஹமத்துல்லா. மண்டபத்தில் கரண்ட் இல்லை. பின்னால் டீசல் ஜெனரேட்டர் அதிர்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா மனமுவந்து, சீரியல் விளக்குகளைப் பாதி அணைத்து எங்கள் காருக்கு ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தார். கார் டீசலில் மின்சாரம் குடித்தது. நாங்கள் பிரியாணி சாப்பிட்டோம். அதற்குத் தொட்டுக்கொள்ள ஊற்றிய தால்ச்சாவைப் பற்றி மட்டுமே தனிக் கட்டுரை எழுதலாம். அந்தப் பயணத்தில் யார் மீதும் கோபம் வராத ஒரே வேளை அதுதான்.

வியாழக்கிழமை காலை, மீட்டர்களைக் கழற்றிக் கணக்குப் பார்த்தேன். முனிராஜுக்குத் தாராளமாகக் குறைக்கலாம். சகாயமேரி அம்மாவுக்குக் குறைப்பதற்கு எதுவுமே இல்லை. அலசி அலசிப் பார்த்தேன். அலுவலக மூலையிலிருந்த ஒற்றை டியூப்லைட்டை மாற்றினால் ஏதோ துளி குறையும். பத்து சதவீதத்துக்கு அவர் பட்டறையையே பாதி நாள் மூட வேண்டும்.

சென்னையில் என் மேலதிகாரிக்கு போன் செய்தேன். "அந்த அம்மா ஏற்கெனவே சிக்கனமாக நடத்துகிறார். குறைக்க முடியாது" என்றேன். "அப்ப ஃபெயில்" என்றார். "சார், இங்கே இருப்பதிலேயே நல்ல பட்டறை இதுதான்." "நல்லது கெட்டது எல்லாம் கேட்கலம்மா. எவ்வளவு குறைஞ்சதுன்னுதான் கேட்கிறாங்க. ஏற்கெனவே ஒழுங்கா இருக்கிறவங்களுக்குன்னு சாஃப்ட்வேர்ல கட்டம் கிடையாது." எனக்கு ஆத்திரமாக வந்தது. போனை வைத்த பிறகு நன்றாகத் திட்டினேன்.

பெரிய கம்பெனியின் அதிகாரி பிரசன்னா அன்று பட்டறைக்கே வந்தார். பெங்களூர்க்காரர். நல்ல மனிதர், அதுதான் சங்கடம். கொட்டாவி விடாமல் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். தொட்டிகளைப் பார்த்தார். "சூப்பர், சூப்பர்" என்றார். வாசலிலிருந்த முருங்கை மரத்தடியில் நின்று, "மரக்கன்று எங்கே வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "இதுதாங்க மரம்" என்றார் சகாயமேரி அம்மா. "இது முன்னாடியே இருக்குதே அம்மா. திட்டத்துக்கு அப்புறம் வெச்சதுதான் கணக்கு." பிறகு தயக்கத்தோடு விஷயத்துக்கு வந்தார். "நான் மேலே என்ன சொல்லணும்? முன்னேற்றம் காட்டணும் அம்மா. நீங்க மொதலும் நல்லா இருந்தீங்க, இப்பவும் நல்லா இருக்கீங்கன்னா நாங்க என்ன செஞ்சோம்னு கேப்பாங்க." போகும்போது காரில் ஏறியபடி யாரிடமோ போனில், கன்னடத்தில், "எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோட்டிங் பார்ட்டியைத் தயாராக இருக்கச் சொல்" என்றார். சகாயமேரி அம்மாவுக்குக் கன்னடம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

மத்தியானம் அவரே களி கிண்டிப் போட்டார். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல். களியை மெல்லக் கூடாதாம், உருட்டி விழுங்க வேண்டுமாம். நான் மென்றேன். வேறு நாளாயிருந்தால் பட்டறை ஆட்கள் சிரித்திருப்பார்கள். மேஸ்திரி ஏழுமலை, "நாம என்னா தப்பு பண்ணோம்னே தெரியலீங்களே மேடம்" என்றார். நான் களியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் முனிராஜ் உள்ளே வந்தார். வழி அவரிடம் இருந்தது. "அக்கா, எங்க மச்சான் ஒருத்தன் ஜிம்முல எடை குறைக்கிற போட்டிக்கு சேந்தான். போட்டிக்கு முன்ன ஒரு வாரம் முச்சூடும் பிரியாணியா துன்னான். அப்புறம் எடை போட்டாங்க. நிறுத்துனதும் தன்னால எறங்கிச்சி, கப்பு வாங்கினான். நீங்களும் மொதல்ல வேஸ்ட் பண்ணுங்க, அப்புறம் சேவ் பண்ணுங்க."

"வாயக் கழுவு முனிராஜு" என்றார் சகாயமேரி அம்மா.

"கழுவறேன். அப்புறம் உன் ஆளுங்க எல்லாம் எங்க போவாங்க?"

சகாயமேரி அம்மா என்னைப் பார்த்தார். கோவில்பட்டியில் ஒரு பழக்கம் உண்டு. குழாயில் தண்ணீர் சொட்டினால் யார் வீடு என்று பார்க்காமல் உள்ளே போய் மூடிவிட்டு வருவோம். அந்த ஊரில் பிறந்து, அதையே படிப்பாகப் படித்து, அதையே சம்பளமாக வாங்கும் நான், "முதல் அளவு எடுத்தபோது மீட்டர் சரியாகப் பொருந்தவில்லை என்று எழுதிவிடுகிறேன். இன்று மறுபடி மாட்டி அளந்துவிடலாம்" என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

வீணாக்குவது சுலபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பழக்கமில்லாதவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். காற்றுக் குழாயின் கடைக்கோடி வால்வைச் சகாயமேரி அம்மா தன் கையாலேயே திறந்தார். ஸ்ஸ்ஸ் என்று காற்று வெளியேறியது. கம்ப்ரஸர் முனகிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். எல்லா ஃபேனையும் போட்டோம். எல்லா விளக்கையும் போட்டோம். பட்டப்பகலில் வாசல் நட்சத்திரத்தை எரியவிட்டோம். ஓவன் கதவை ஒரு சாண் திறந்து வைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் மீட்டரைப் போய்ப் பார்த்தேன். பழைய அளவிலேயே இருந்தது. திரும்பினால், ஃபேன்கள் நின்றிருந்தன. வால்வு மூடியிருந்தது. ஓவன் கதவு சாத்தியிருந்தது. "யாருடா மூடுனது?" என்று சகாயமேரி அம்மா கத்தினார். யாருக்கும் தெரியவில்லை. அவரவர் நடந்துபோகும் வழியில் அவரவர் கை அதன் வேலையைப் பார்த்திருக்கிறது. மறுபடி திறந்தோம். மறுபடி மூடிக்கொண்டது. ஒருமுறை ஏழுமலை ஓவன் கதவைச் சாத்தும்போதே கையும் களவுமாகப் பிடிபட்டார். "சாரிங்க மேடம், வேணும்னு பண்ணல. கண்ணு பாத்துச்சி, கை போயிடுச்சி" என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்னொரு முறை நட்சத்திரத்தை அணைத்தது சகாயமேரி அம்மாவேதான்.

கடைசியில் ஸ்விட்சுகளின் மேல் டேப் ஒட்டினோம். வால்வுக் கைப்பிடியைக் கம்பி போட்டுக் கட்டினோம். அதற்கும் மனம் ஆறாமல், அம்மா ஒரு ஸ்டூலைப் போட்டு வால்வுக்குப் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்தார். ஆட்கள் மெஷினை விட்டு எழும்போதெல்லாம், "உக்காரு! தொடாத! சுத்தட்டும்!" என்று அதட்டினார். இத்தனை வருஷமாக அதற்கு நேர்மாறாக அதட்டிய குரல் அது. யார் முகத்தையும் பார்க்காமல்தான் அதட்டினார். நான் கம்ப்யூட்டரில் ஏதோ வேலையிருப்பதுபோல நடித்தேன்.

வெள்ளிக்கிழமை டேப்பைப் பிரித்தோம், கம்பியை அறுத்தோம். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவிழ்த்துவிட்ட கன்றுகள் தாயிடம் ஓடுவதுபோல் கைகள் ஸ்விட்சுக்குப் போயின. மீட்டர் சரசரவென்று இறங்கியது. மென்பொருள் பூத்தூவியது. பக்கத்தில் முனிராஜின் பட்டறையில் நாங்கள் ஒழுகல்களை அடைத்து முடித்ததும், எங்கும் நிசப்தம். அந்த நிசப்தத்தைக் கேட்ட அவருடைய ஆள் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார். அன்றைய சேமிப்பில் பாதி டீசலாகப் போனது. அதற்கும் மென்பொருளில் கட்டம் இல்லாததால் முனிராஜ் தேறிவிட்டார்.

சனிக்கிழமை பரிசளிப்பு விழா. அதே ஓட்டல், அதே அரங்கம், அதே பதினெட்டு. இந்த முறை நானும் மப்ளர் கட்டிப் போயிருந்தேன். முதல் பரிசு மாம்பழக் கூழ் ஆலைக்கு. முதலாளி வெளியூரில் இருந்ததால் காவலாளி குரங்குக் குல்லாவோடு மேடையேறிக் கேடயம் வாங்கினார். அடுத்து, மிகச் சிறந்த மாற்றத்துக்கான பரிசு சகாயமேரி அம்மாவுக்கு.

என் அறிக்கையை ஒரு கையில் வைத்துக்கொண்டு பிரசன்னா மைக்கைப் பிடித்தார். "இந்த அம்மா கம்பெனியில முந்தி எவ்ளோ வேஸ்ட் தெரியுமா? பகல்லயே லைட்டு எரியும். காத்து ஓபன்ல போகும். ஓவன் கதவு தொறந்தே இருக்கும். இந்த ஒரு வாரத்துல அவங்க மனசு மாறிட்டாங்க. மத்தவங்க இவங்கள பாத்துக் கத்துக்கணும்." பின்வரிசையில் சகாயமேரி அம்மாவின் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏழுமலை எழுந்து எதையோ மறுத்துச் சொல்லப் போனார். பக்கத்தில் இருந்த முனிராஜ் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். மேடையில் அம்மாவின் முகம் சிவந்திருந்தது. மாதா கோயிலில் ஃபாதரிடம் செய்த பாவத்தைச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் செய்து பழகியவர்தான். ஆனால் செய்யாத பாவத்துக்கு, அதுவும் ஊரைக் கூட்டிவைத்து, அவர் அதுவரை செய்ததில்லை.

ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கை வாங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரு ஃபேனு சும்மா சுத்துனதில்லீங்க. என் ஆளுங்க ஒரு சொட்டுத் தண்ணி வீணாக்குனதில்ல. வியாழக்கிழம ஒரு நாள்தான் எல்லாத்தையும் தொறந்து வுட்டோம். அன்னிக்கி வுடலன்னா ஆர்டரு கெடையாதுன்னாங்க. மேடமும் செய்யலாம்னாங்க. செஞ்சேன். அதுக்குத்தான் இந்தப் பரிசு."

என் வேலை போயிற்று என்று நினைத்தேன். போகட்டும் என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. முதலில் கைதட்டியவர் பிரசன்னாதான். "எவ்ளோ அடக்கம் பாருங்க!" என்றார். அரங்கமே தட்டியது. குளிருக்குக் கைகளைத் தேய்க்க ஒரு சாக்குக் கிடைத்ததில் எல்லாரும் பலமாகவே தட்டினார்கள். பின்வரிசை மட்டும் தட்டவில்லை.

விழா முடிந்து வாசலில் நின்றோம். ஆர்டர் உறுதியாகிவிட்டது என்று பிரசன்னா அவரிடம் கைகுலுக்கிச் சொன்னார். சகாயமேரி அம்மா முதல்முறையாக மூச்சை நன்றாக இழுத்துவிட்டார். பன்னிரண்டு குடும்பங்களின் மூச்சு அது. எனக்கும் கண் கலங்கியது.

"அடுத்த வருஷமும் இதே மாதிரி காட்டணும் அம்மா" என்றார் பிரசன்னா.

"என்னாங்க காட்டணும்?"

"இந்த வருஷம் ஆகிற கரண்ட்ல இருந்து இன்னும் பத்து பர்சென்ட் குறையணும். வருஷா வருஷம். அதான் ரூல்."

"எப்ப வந்து அளப்பீங்க?"

"சொல்லிட்டு வரமாட்டோம். எப்ப வேணும்னாலும் வருவோம்" என்று சிரித்துவிட்டு, காரில் ஏறிப் போனார்.

சகாயமேரி அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கார் போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று முனகினேன். அவர் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆட்களோடு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்திருந்த ஏழுமலைக்கு போன் செய்தார்.

"ஏழுமல, அந்தக் கடைசி வால்வு இருக்குதில்ல, அதத் தொறந்து வுடு. ஆமாண்டா, தொறந்துதான். ஃபேனையும் போடு. சுத்தட்டும்."

அந்தப் பக்கத்திலிருந்து ஏழுமலை என்ன கேட்டார் என்பது எனக்குக் கேட்கவில்லை. சகாயமேரி அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்த வருஷம் சேமிக்கணும் இல்ல."